செல்வராணி அக்காவின் ஆறாம் பக்கம்

ஜூன் பதினெட்டு, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். என் கம்ப்யூட்டர் திரையில் பதினோரு பிழைகள். முதல் பிழையை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, மாரிமுத்து பேசுறேன். ராணி போயிட்டா. ஆறே முக்காலுக்கு. ஆபீஸ்ல சொல்லிருங்க."

"சரிண்ணே" என்றேன். மாரிமுத்து, செல்வராணி அக்காவின் கணவர். போனை வைத்த பிறகும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு பிழைகளுக்கும் காரணம் என்னவென்று கேட்க, பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அவருக்கே போன் போடுவதாக இருந்தேன்.

செல்வராணியை உங்களில் சிலருக்கு ஐ.டி.ஐ.யில் உடன் படித்தவராகத் தெரியும். சிலருக்குப் பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ரூமில் திரி வைத்தவராகத் தெரியும். எனக்கு அவர் நான்கு வருடம் பக்கத்து மேசை. சூலக்கரைக்குப் பக்கத்தில் ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து கலக்கும், அடைக்கும் ரூம்களில் வெப்பமோ ஈரமோ அளவு தாண்டினால் சைரன் அடிக்கிற போர்டு செய்கிறோம். நான் பி.இ.; புரோகிராம் என் பொறுப்பு. அவர் சாலிடரிங், சோதனை. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். கம்ப்யூட்டரில் முதல் கட்டளையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் போர்டில் இருப்பது விரல் நகமளவு சிப். அதற்கான புரோகிராமை அதிலேயே உருவாக்க முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி அதற்குள் ஏற்ற வேண்டும். நாம் எழுதுவதை மிஷின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர்; கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பது கம்ப்யூட்டருக்கான மொழியில்தான் எழுதும். சிப்புக்கான மொழியில் எழுத கிராஸ் கம்பைலர் என்று தனியாக ஒன்று வேண்டும். அதையும் அதனுடன் சேர்ந்த கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை மாறாமல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கட்டி எழுப்ப வேண்டும். ஒரு படி தவறினால் மூன்றாவது படியில்தான் உதைக்கும்.

முதல் தடவை நான் கட்டியபோது உதைத்தது. மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டி, அங்கேயே கட்டவும் ஆரம்பித்திருந்தேன். பாதியில் நின்றது. எது வந்த கோப்பு, எது புதிதாக உண்டான கோப்பு என்று பிரிக்கவே முடியவில்லை. அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, சரக்கு வச்சிருக்கிற ரூமுலயே மருந்தக் கலக்குவீகளா?"

"அக்கா, இது பட்டாசு இல்ல."

"தெரியுது. பட்டாசா இருந்தா இன்னேரம் உங்க மேசையே இருந்திருக்காது."

மறுநாள் அவரே மூன்று கோப்புறைகள் போட்டு வைத்திருந்தார். சரக்கு, கலவை, மேகசின். வந்தது முதலாவதில் இருக்கும், அதைத் தொடக்கூடாது. கட்டுவது இரண்டாவதில். கட்டி முடித்தது மூன்றாவதில்; முடிந்த பட்டாசைப் பூட்டி வைக்கும் கிடங்கை ஆலையில் மேகசின் என்பார்கள். பட்டாசு ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவருக்கு, ரூமுக்கு ரூம் இடைவெளி விட வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. "ஒரு ரூமுக்கு ஒரு வேல" என்பார். நான் சிரித்தேன். ஆனால் அந்த மூன்று பெயர்களும் அப்படியே இருந்துவிட்டன.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. நான் தட்டும் ஒவ்வொரு கட்டளையையும் நீல மையில் எழுதுவார். தோற்றுப்போனதைச் சிவப்பில் எழுதுவார். "தோத்தத எதுக்குக்கா எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"செயிச்சது நமக்கே ஞாபகம் இருக்கும் தம்பி. தோத்ததத்தான் திருப்பித் திருப்பிச் செய்வோம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இணையத்தில் எல்லாமே இருக்கிறது, எழுதுவதெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஏப்ரலில் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலை ஒன்றில், எங்கள் எட்டு போர்டுகள் இருக்கும் இடத்தில், சோலாரும் பேட்டரியும் போட்டார்கள். ஆலை முதலாளி ஒருவழியாகச் செலவழித்துவிட்டார் என்று ஆபீஸில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"அப்ப நம்ம போர்டு அங்கன அணையவே அணையாதா?"

"அணையாம இருந்தா நல்லதுதானக்கா?"

"நல்லதுதான். ஆனா இதுக்கு முன்னாடி எந்தப் போர்டாச்சும் ரெண்டு மாசம் அணையாம ஓடியிருக்கா?"

ஓடியதில்லை. இங்கே மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். போர்டு அணைந்து மறுபடி உயிர் பெறும். நாங்கள் செய்த எல்லாச் சோதனையும் அதற்குள்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை. சோலார் போட்ட அன்று, ஏப்ரல் இருபத்தொன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, அக்கா தன் மேசையில் ஒரு போர்டை பேட்டரியோடு ஓடவிட்டார். பக்கத்தில் அட்டை: 'அணைக்காதே. தொடாதே. சாமி போட்டோ மாதிரி பாரு.' தினமும் காலையில் வந்ததும் மேசை ஓரத்தில் ஒட்டிய செம்புத் தகட்டைத் தொடுவார். மருந்து ரூமுக்குள் நுழையும் முன் உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடத் தகட்டைத் தொடுவது அங்கே பழக்கம். சிப்புக்கும் அதே ஆபத்துதான் என்று இங்கேயும் தகட்டைக் கொண்டுவந்துவிட்டார். தொட்ட பிறகு தலை உலர்த்தும் மிஷினைச் சென்சார் பக்கம் காட்டுவார். சைரன் அலறும். எல்லாரும் திட்டுவார்கள். நோட்டில் ஒரு கோடு போடுவார்.

ஜூன் பத்தாம் தேதி, பத்து மணிக்கு மேல், சைரன் அலறவில்லை.

"சென்சார் போயிருக்கும்" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் என்னிடம் வாதாடவில்லை. நேராக அந்த ஆலையின் போர்மேனுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, எட்டு போர்டையும் இப்பவே ஒருக்கா அணைச்சு, திருப்பிப் போடுங்க."

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "எதுக்கும்மா? பச்ச லைட்டு நல்லாத்தான எரியுது?"

"பச்ச எரியும் அண்ணாச்சி. சத்தந்தான் வராது. உள்ள ஆளு இருக்காகல்ல? அணைச்சுப் போட்டுட்டுப் பேசுங்க."

அணைத்துப் போட்டார்கள். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "ஏலே, அங்கன ரூமுக்கு நாலு பேரு இருக்காக. சென்சாரா, உன் புரோகிராமான்னு இப்பப் பாரு." அந்த நான்கு வருடத்தில் அவர் என்னை ஏலே என்றது அந்த ஒரு தடவைதான்.

என் புரோகிராம்தான். நேரத்தை மில்லிவினாடியில் எண்ணிக்கொண்டே போகும் கவுண்டர் ஒன்று அதில் இருக்கிறது. நாற்பத்தொன்பது நாள் பதினேழு மணி நேரத்தில் அது நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும் என்பதை நான் யோசிக்காமல் எழுதிய ஒரு வரியால், அதன்பிறகு போர்டு சென்சாரையே பார்க்காது; அணைத்துப் போட்டால்தான் மறுபடி பார்க்கும். கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் படித்த விஷயம். வரியைத் திருத்த நான்கு நிமிடம் ஆனது.

ஆனால் திருத்திய வரியைப் புரோகிராமாக்கக் கம்பைலர் இல்லை. மே மாதம் நான் கம்ப்யூட்டரைப் புதுப்பித்திருந்தேன், மெதுவாக ஓடுகிறது என்று. "சீசன் தொடங்குற நேரத்துல மிஷினக் கழட்டாதீக தம்பி" என்று அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் துடைத்தேன். மேகசின் கோப்புறையும் போயிற்று. இணையத்தில் கிடைக்கும் புதுக் கம்பைலரில் போட்டால் புரோகிராம் பெருத்து, சிப்புக்குள் அடங்கவில்லை. பழையதையே மறுபடி கட்டியாக வேண்டும். அதுவரை அந்த ஆலையில் தினமும் காலையில் எட்டையும் அணைத்துப் போடச் சொன்னோம். போர்மேன் நல்ல மனிதர். ஆனாலும் தீபாவளி ஆர்டர் குவியும்போது ஒருவர் ஞாபகத்தை நம்பி ஒரு சைரன் இருக்கக் கூடாது.

பன்னிரண்டாம் தேதி அக்காவுக்கு வயிற்று வலி. கணையம் வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினைந்தாம் தேதி அவரே கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

"ஆச்சா?"

"இல்லக்கா. மூணு தடவ கட்டிட்டேன், மொதப் படியிலயே நிக்குது."

"நோட்டு டிராயருல இருக்கு. மொதப் பக்கத்துலருந்து போங்க. நடுவுல குதிக்காதீக."

"சரிக்கா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்குத்தான் பட்டினி போட்டுருக்காகளே. நீங்க சாப்புடுங்க. மொதப் பக்கம், என்ன?"

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. நோட்டை எடுத்தேன். ஐந்து பக்கம் ஒழுங்காகப் போனேன். ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. தெரிந்த விஷயம் என்று தாண்டி ஏழுக்குப் போய்விட்டேன். பதினெட்டாம் தேதி காலையில் பதினோரு பிழைகள்.

அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்து, அக்கா வீட்டு வாசலில் ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மாரிமுத்து அண்ணன் ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். எங்கள் வேலையைப் பற்றி அவர் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அந்தக் கம்பியூட்டர் வேல முடிஞ்சிருச்சா தம்பி? கெடக்கையில அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

"இல்லண்ணே."

"முடிச்சிருங்க. முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடுங்க. நமக்கு ஒண்ணும் புரியாது. இருந்தாலும் போடுங்க."

ஜூன் இருபத்திரண்டு அன்று முதல் பக்கத்திலிருந்து போனேன். ஆறாம் பக்கத்து வரி, கட்டிய கருவிகள் எங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளை. அதைச் சொல்லாவிட்டால் அது தன்னுடைய சொந்தக் கருவியை எடுத்துக்கொள்ளும்; எல்லாம் கலந்துவிடும். கீழே சிவப்பு மையில் சின்ன எழுத்து: 'தம்பி இதை ரெண்டு தடவை விட்டுட்டார். மூணாவது தடவையும் விடுவார்.'

கட்டி முடிய இரண்டு மணி நேரம் ஆனது. பிழை இல்லை. புரோகிராம் சிப்புக்குள் அடங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா மேசையில் இருந்த அதே போர்டில் ஏற்றி ஓடவிட்டேன். அட்டையை மாற்றவில்லை. அண்ணனுக்கு இன்னும் போன் போடவில்லை. கம்பைலர் முடிந்ததே தவிர, வேலை முடிந்ததா என்பது நாற்பத்தொன்பது நாள் பதினேழு மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் பதினொன்று காலையில்தான் தெரியும். அக்காவாக இருந்தால் அதற்கு முன்னால் முடிந்தது என்று சொல்ல விட்டிருக்க மாட்டார்.

அவருடைய பொருளில் என்னிடம் இருப்பவை இரண்டு: நோட்டு, செம்புத் தகடு. நோட்டை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், திருப்பித் தந்துவிட்டார். தகட்டைத் தினமும் காலையில் தொடுகிறேன். இதை எழுதும் இன்று போர்டுக்கு இருபத்தொன்றாம் நாள்.

இனிச் செய்யப்போவது:

1. மேகசின் கோப்புறையைப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைப்பேன். இரண்டும் ஒரே ரூமில் இருக்காது.

2. ஆகஸ்ட் பதினொன்று வரை எங்கள் கம்ப்யூட்டரில் எதையும் புதுப்பிக்க மாட்டேன்.

3. அதுவரை ஆலையில் பழைய புரோகிராம்தான் ஓடும்; தினமும் காலை எட்டரைக்குப் போர்மேனுக்குப் போன் போட்டு, அணைத்துப் போட்டாரா என்று கேட்பேன். அவர் சலித்துக்கொண்டாலும் கேட்பேன்.

4. நோட்டின் ஆறாம் பக்கத்தில், அவர் எழுதியதற்குக் கீழே, சிவப்பு மையில் எழுதுவேன்: 'மூன்றாவது தடவையும் விட்டேன். ஜூன் பதினெட்டு.'

5. ஆகஸ்ட் பதினொன்று, பத்து மணிக்கு மேல், தகட்டைத் தொட்டுவிட்டுத் தலை உலர்த்தும் மிஷினைச் சென்சார் பக்கம் காட்டுவேன்.

6. அதற்கு முன்பே மாரிமுத்து அண்ணனைப் போனில் கூப்பிட்டு, வைக்காமல் லைனிலேயே இருக்கச் சொல்வேன். சைரன் அடித்தால் அவர் காதிலும் விழட்டும். அடிக்காவிட்டால், அடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.