நடு வயல் சொட்டை

மண்ணை விற்பது என்றால் நிலத்தை விற்பது என்று நினைத்துவிட வேண்டாம். நிலம் நம் பெயரிலேயே இருக்கும். மேலே உள்ள மண்ணை மட்டும் இரண்டடி ஆழத்துக்கு வழித்துச் செங்கல் சூளைக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வாய்க்கால் கரை வயலை அப்படிக் கொடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. விளைச்சல் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்ததில் மனிதருக்கு வெறுத்துப்போயிருந்தது. அம்மா கூடவே கூடாது என்றாள். வயலில் இறங்கி வேலை பார்ப்பவள் அவள்தான். அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் எழுத்தர் வேலை. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

என் ஆதரவு சித்தப்பாவுக்குத்தான். மண் அள்ள ஜேசிபி வரும் அல்லவா? ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

கடைசியில் அம்மாவுக்கு ஒரு போகம் தவணை கிடைத்தது. வருகிற கார் பருவத்தில் நெல் தேறினால் மண் எங்களுக்கு, தேறாவிட்டால் சூளைக்கு. அம்மா மறுநாளே வேளாண்மை அலுவலகத்துக்குப் போய், மண்வளத் திட்டத்தில் பாதி விலைக்குக் கொடுத்த தக்கைப்பூண்டு விதையை வாங்கி வந்து வயல் முழுக்க விதைத்தாள். பூத்ததும் அதிகாரி வந்து படம் எடுத்துப் போவார். பிறகு அத்தனையையும் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். அதுதான் நெல்லுக்கு உரம்.

சித்தப்பா வரப்பில் நின்று சிரித்தார். "என்ன மதினி, ஆளுயரத்துக்குப் பயிர வளத்து மண்ணுக்குள்ள மிதிக்கப் போறியளாக்கும்? சர்க்கார் சொல்லுதுன்னு நீங்களும் செய்யுதிய பாருங்க!"

"மண்ணும் கொஞ்சம் திங்கட்டும் தம்பி. எத்தன வருசமா நாம மட்டுமே தின்னுதோம்."

இதில் சித்தப்பா சொன்னது மட்டும்தான் என் மூளையில் ஏறியது. எப்படியும் மிதிக்கப் போகிறார்கள் என்றால், கொஞ்சம் எடுத்தால் என்ன?

எங்கள் தெருவில் கிரிக்கெட் மட்டை வைத்திருந்த ஒரே பையன் வீட்டில் ஆறு ஆடுகள் இருந்தன. கோடையில் புல் கருகிக் கிடந்தது. "ஏலே, ஒரு கட்டு தழை கொண்டா, ஒரு ஓவர் தாரேன்" என்றான். "அவுட் ஆனாலும் முழு ஓவர் தரணும்" என்று நான் கறாராகப் பேசி முடித்தேன். என் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அந்த அளவுக்குத் தெளிவு இருந்தது.

அரிவாளைத் தொட்டால் அம்மா கேட்பாள் என்பதால் வேரோடு பிடுங்கினேன். ஓரத்தில் பிடுங்கினால் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு அறிவு இருந்தது; நடுவில் பிடுங்கினாலும் ஒருநாள் தெரியும் என்கிற அளவுக்கு இல்லை. மூன்று வாரத்தில் வெளியே பார்த்தால் மஞ்சள் பூவோடு பச்சை மதில். உள்ளே ஒரு மாட்டு வண்டியைத் திருப்பலாம்.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார், இளம்பெண். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நடுவுல போய் நில்லுங்கம்மா, சுத்திப் பயிர் தெரியணும்" என்றார். அம்மா பயிரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பைய ஸ்கூட்டருக்குப் பின்னால் போனேன்.

பிறகு உள்ளிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "ஏலேய்!"

அதிகாரி ஓடிப்போய்ப் பார்த்தார். அம்மா மறைக்கவில்லை. "எம் மவன் வேலதான் மேடம்."

"இந்தச் சொட்டையக் கழிச்சுத்தான் பரப்பு எழுத முடியும்மா."

"கழிச்சுக்கிடுங்க."

காதைப் பிடித்து இழுத்துவரப்பட்ட நான் ஓவர் கணக்கை ஒப்பித்தேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எவ்வளவு ரன் எடுத்த?" என்று கேட்டார். உண்மையைச் சொல்வது நல்லது என்று நினைத்து, "மொத்தமா ஏழு" என்றேன். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஏழு ரன்னுக்காலே எம் வயல மொட்டையடிச்ச!" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பாபநாசத்தில் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பூண்டை மடக்கி உழுது நெல் நட்டார்கள். ஒரு மாதத்தில் வயல் கரும்பச்சையாய் எழும்பி நின்றது, நடுவில் என் இடம் தவிர. அங்கே மட்டும் பயிர் வெளிறிப்போய், முழங்காலைத் தாண்டாமல் சோனியாக நின்றது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் என் குற்றம் தெரியும் என்று கூசிப்போனேன். மூத்திரமும் உரம்தான் என்று எவனோ சொன்னதை நம்பி, விடியற்காலையில் இரண்டு நாள் போய் என்னால் இயன்ற உதவியைச் செய்தும் பார்த்தேன். பலனில்லை.

தவணைப்படி சித்தப்பா பயிர் பார்க்க வந்தார். வெகுநேரம் வரப்பிலேயே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, வெளிறிய இடத்தில் ஒரு தூரும், அதை அடுத்த பச்சையில் ஒரு தூரும் பிடுங்கினார். இரண்டையும் வாய்க்காலில் அலசி, வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் அருகருகே வைத்தார். வெளிறிய தூரின் வேர் பிறந்த பிள்ளையின் தலைமுடி மாதிரி இருந்தது. பச்சைத் தூரின் வேர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கவில்லை. நான் அடிக்குத் தயாராகக் கதவோரம் நின்றேன்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு தோசை முடிந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மதினி, அடுத்த வருசம் நடுவுலயும் சேத்து வெதைங்க."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு, அவர் போதும் போதும் என்று தட்டை மறைத்தும் கேளாமல், கையை விலக்கி இன்னொரு தோசையை வைத்தாள். அதுதான் கடைசி மாவு. எனக்கு ஊற்றுவதாகச் சொல்லியிருந்த தோசை. அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்தேன்.