ஒரே எண்ணில் மூன்று வீடு

கற்பூரம் வந்த அட்டைப்பெட்டி அது. என் தம்பி மனைவி அதன் உட்புறத்தை நான்காகத் தடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி அடுக்கி வைத்திருந்தாள். ஆண்டர்சன்பேட்டையில் உள்ள எங்கள் பூசைப்பொருள் கடையில் வாடிக்கையாளர் விவரம் என்று இருந்தது அவ்வளவே. ஒவ்வொரு துண்டிலும் மறைந்தவர் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, படையல் இடுபவர் யார், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எந்த லைனில் எத்தனையாவது வீடு என்று எழுதியிருக்கும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அவ்வாண்டின் தேதிகளைப் பென்சிலால் குறிப்பாள். திதிக்கு எட்டு நாள் முன்பே அந்த வீட்டுக்குச் செய்தி போய்விடும். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஊர் இது. அவர்கள் விடுப்புச் சொல்ல அந்த எட்டு நாள் வேண்டும். எங்கள் வியாபாரமே அந்த எட்டு நாளை நம்பித்தான் நடந்தது என்பதை அவள் அறிந்திருந்தாள். கடைக்கு மூத்தவனாகிய நான் அறியவில்லை.

வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்று தம்பி சொன்னபோது அவள் மறுக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மகிழ்ந்தாள். எழுதி எழுதி அவள் விரல் வலித்திருந்தது. எங்கள் முன் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று பங்காருப்பேட்டை இளைஞர் ஒருவர் எழுதியது. பார்க்க எளிமையானது, ஆனால் நமக்கு வேண்டிய கட்டங்களை நாமே அமைத்துக்கொள்ளலாம். மற்றொன்று பெங்களூர் நிறுவனத்தினுடையது. வண்ண வண்ண வரைபடங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், தானே செய்தி அனுப்பும் வசதி எல்லாம் அதில் இருந்தன. அதை விற்க வந்தவர் குளிர்பானம் குடித்துக்கொண்டே விளக்கினார். தம்பி மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இன்னாங்க, எங்க மாரிகுப்பத்துல பக்கத்து பக்கத்து மூணு வூட்டுக்கு ஒரே போன்தான். ஒரே நம்பரை மூணு தபா போட்டா இது இன்னா பண்ணும்?”

“அது டூப்ளிகேட் மேடம். சிஸ்டமே மெர்ஜ் பண்ணி ஒரே கஸ்டமர் ஆக்கிடும். அதான் இதுல சூப்பர் ஃபீச்சர்.”

“செத்தவங்க மூணு பேருங்க. அவங்களயும் ஒண்ணாக்கிடுமா?”

விற்பனையாளர் சிரித்தார். தம்பி, “இவளுக்கு எதையெடுத்தாலும் கேள்விதான், நீங்க சொல்லுங்க சார்” என்றான். நானும் சிரித்தேன். ஒரு மாதம் இருபது துண்டுகளை மட்டும் இரண்டிலும் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவள் மன்றாடினாள். நான் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். விவரங்கள் ஏறி முடிந்த வாரமே தம்பி அட்டைப்பெட்டியைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிட்டான். நான் அதையும் தடுக்கவில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் முற்பகல், மாரிகுப்பத்து அம்மாள் ஒருவர் கடைக்கு வந்தார். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்து இறந்தவர். “என்னா, இந்த வருஷம் இன்னும் சொல்லி அனுப்பலியே?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தம்பி மனைவி அவரிடமே திதியைக் கேட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். திதி கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மென்பொருளில் அந்த அம்மாளின் பெயரே இல்லை. அந்தப் பொதுத் தொலைபேசி எண்ணுக்கு உரிய அண்டை வீட்டாரின் பெயர் மட்டும் நின்றது.

“போயிடுச்சாம்மா?” என்றார் அந்த அம்மாள். பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அவரு வந்து பாத்துட்டு பசியோட போயிருப்பாரே” என்றார்.

தம்பி தன் மனைவியிடம் திரும்பி, “நீ பாக்க வேணாமா? அம்மா கிட்ட மன்னிப்பு கேளு” என்றான். அவள் கேட்டாள். கைகூப்பி, குனிந்து கேட்டாள். “வர்ற அமாவாசையில குடுக்கலாம்மா, சாமானெல்லாம் நானே எடுத்துனு வரேன்” என்றாள். கையெழுத்திட்டவன் நான். கல்லாவுக்குப் பின்னால், திருமுறை விரித்த பலகையின் முன் அமர்ந்திருந்தேன். அடியார் ஒவ்வொருவரையும் ஊரும் பேரும் தொழிலும் அறிந்து, தனித்தனியே ஆட்கொண்ட இறைவனை இளமை முதல் பாடி வந்த வாய் இது. ஒருவரை மற்றொருவராக அவன் எண்ணியதில்லை. அப்பதிகங்களைப் பண் பிசகாமல் ஓதத் தெரிந்த எனக்கு, அவற்றின் பொருள் ஒரு காகிதத் துண்டில் இருந்தது தெரியவில்லை. அவள் குனிந்து நின்றபோது நான் வாய் திறக்கவில்லை. இதற்கு எந்த ஓதுதலும் பரிகாரம் ஆகாது.

நிறுவனத்தை அழைத்தேன். “ஒருமுறை மெர்ஜ் ஆனா பிரிக்க முடியாது சார்” என்றார்கள். அதே மூச்சில், ஒப்பந்தத்தை நீட்டித்தால் சலுகை உண்டு என்றார்கள். நான் அவர்களைத் திட்டிய சொற்கள் எழுதத் தகாதவை. ஆனால் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்கள். கேட்டவள் பெண், அதிலும் வீட்டு மருமகள் என்பதால் அந்தப் பதில் எங்கள் காதில் ஏறவில்லை. என் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

அமாவாசையன்று அவள் சொன்னபடி மாரிகுப்பம் போய்ப் படையலுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தாள். மறுநாள் முதல் கடைக்கு வரவில்லை. சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. ஊரிகத்தில் தம்பி குடியிருக்கும் வீட்டின் முன்னறையிலேயே சிறியதாக ஒரு கடை போட்டாள். பங்காருப்பேட்டை இளைஞரின் மென்பொருளை வாங்கினாள். ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினாளாம். லைன் லைனாக நடந்து, கதவு கதவாகத் தட்டி, ஒவ்வொருவரையும் மறுபடி கேட்டுப் பதிந்தாள். தம்பி காலையில் அந்த முன்னறையைத் தாண்டித்தான் எங்கள் கடைக்கு வருகிறான். எங்கள் கடைக்கு இப்போது ஊதுவத்தி வாங்குவோர் மட்டும் வருகிறார்கள்.

சென்ற மாதம் என் கைப்பேசிக்கு ஊரிகத்துக் கடையிலிருந்து ஒரு செய்தி வந்தது. மறைந்த என் மனைவியின் பெயர், திதி, நாள், வேண்டிய பொருள்கள். எட்டு நாள் முன்பாக. எங்கள் கடை மென்பொருளில் என் மனைவியைப் பதியவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரிகத்துக்குப் போனேன். முன்னறையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து, “வாங்க மாமா” என்றாள். பிறகு எல்லோரிடமும் கேட்பதைப் போலவே, “படையல் வூட்லயா, கோயில்லயா?” என்று கேட்டாள்.

“கையெழுத்து நான்தாம்மா போட்டேன். அன்னிக்கு மன்னிப்பு நான் கேட்டிருக்கணும்” என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதை மாரிகுப்பத்துல போயி சொல்லுங்க மாமா” என்றாள் அவள். அந்த அம்மாளின் லைனையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, எள் பொட்டலத்தின்மேல் வைத்து என்னிடம் கொடுத்தாள்.