கடைசியாக என்ன சொன்னார்

எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் என் எழுத்தை அதிகம் பேர் கேட்டது சாவு வீடுகளில்தான். கதைகள் ஒன்றுகூட அச்சேறவில்லை. அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தன. ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் யார் இறந்தாலும் மதியத்துக்குள் யாராவது சைக்கிளில் வந்து வாசலில் மணியடிப்பார்கள்.

"தம்பி இருக்கானா? ஜீவிய சரித்திரம் எழுதணும். நாலு மணிக்கு எடுக்காவ."

அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கையை ஒரு பக்க அளவில் எழுதி வாசிப்பது எங்கள் சபைகளில் வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, பார்த்த வேலை, கல்யாணம், பிள்ளைகள், சபைக்குச் செய்த ஊழியம். முடிவில் கடைசி வார்த்தை. மற்ற எல்லாவற்றையும் விசிறிக்கொண்டே கேட்கும் ஜனங்கள் அந்த இடம் வந்ததும் விசிறுவதை நிறுத்திவிடுவார்கள். சாகிற நேரத்தில் என்ன வேத வசனம் சொன்னார், எந்தப் பாட்டைப் பாடச் சொன்னார் என்பதை வைத்துத்தான் அவர் எங்கே போயிருக்கிறார் என்று மனதுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். அதனால் நானும் மறக்காமல் கேட்பேன்: "கடைசியா என்ன சொன்னாங்க?" பதில் இல்லாத வீடே கிடையாது. லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்ட ஒருவருக்குக்கூட அவருடைய சித்தப்பா வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் தயாராக வைத்திருந்தார். எழுதிக்கொண்டேன்.

சிநேகிதர்களுக்கு இது நல்ல கேலி. "ஏலே, எங்க தாத்தாவுக்கு ரொம்ப முடியல. இப்பவே சொல்லி வச்சிருதேன், அன்னைக்கு வேற கிராக்கி ஒத்துக்கிடாத." கூடச் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஏனென்றால் நான் எழுத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டவன் இல்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நடந்த வாலிபர் முகாமில், கடைசி நாள் ஜெபத்தில் எழும்பி நின்று கர்த்தருடைய வேலைக்கு என்னை ஒப்புக்கொடுத்திருந்தேன். ஒருவன் வட இந்திய ஊழியத்துக்கு நின்றான். ஒருத்தி நர்ஸ் வேலைக்கு நின்றாள். நான் எழுத்துக்கு என்றேன். பிரசங்கியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுத்தா? நல்லது தம்பி, கைப்பிரதி எழுதலாம்" என்றார். மனந்திரும்பச் சொல்லி அச்சடித்து பஸ் நிலையத்தில் கொடுத்தால் ஜனங்கள் வாங்கி உட்காருகிற இடத்தைத் துடைத்துக்கொள்வார்களே, அந்தக் கைப்பிரதி. எனக்கு முகம் விழுந்துவிட்டது. கர்த்தர் கொடுத்ததுதான் இந்த எழுத்து, அதில் சந்தேகம் இல்லை. எதற்குக் கொடுத்தார்? தினமும் ஜெபத்தில் அதையே கேட்டேன். பதிலுக்கு இன்னொரு சாவு வரும்.

மழைக்கு முந்தின புழுக்கத்தில், ஒரு நாள் எங்கள் ஓய்வுநாள் பள்ளி சார்வாள் இறந்துபோனார். சபையில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் வசனம் சொல்லிக்கொடுத்தவர். தப்பில்லாமல் ஒப்பித்தால் பெப்பர்மின்ட் தருவார். ஒரு சொல் பிசகினாலும் தரமாட்டார், அழுதாலும் தரமாட்டார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயர் ஆனபின் தச்சநல்லூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிபோய், அங்கிருந்து சைக்கிளில் கோயிலுக்கு வருவார். வயிற்றில் புற்று வந்தபின் வருவது நின்றது. பார்க்கப் போனவர்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

டவுன் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனபோது நடுவீட்டில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகன் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். சென்னையில் வேலை பார்ப்பவர், அன்று காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். விவரங்களைக் கடகடவென்று சொன்னார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"சங்கீதம் சொல்லிக்கிட்டே கண்ண மூடினாங்க. அப்படியே போட்டுரு" என்றார்.

போட்டேன். எழுந்து வெளியே வரும்போது, உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன வாங்க. பெரியவன் என்ன சொன்னான்?"

"சார்வாள் சங்கீதம் சொல்லிக்கிட்டே..."

"அவன் அப்ப ரயில்ல வந்துக்கிட்டு இருந்தான்." அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நான்லா கூட இருந்தேன். ராத்திரி வேதம் வாசிச்சேன். மூடி வைன்னாவ. 'இது எனக்குச் சொன்னதில்ல'ன்னாவ. அதோட பேச்சு நின்னுட்டு. காலையில பால் காய்ச்சிட்டு வந்து பாக்கேன், முடிஞ்சிட்டு."

எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன்.

"இத எழுதுங்க தம்பி."

"அத்தை, இத எப்படி கோயில்ல..."

"ஏன், எழுத வராதோ? பெரிய எழுத்தாளர்னு சொன்னாவ." கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். "அவிய பொய் சொல்லி நான் கேட்டதில்ல. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதினாக்கூட காய்ச்சல்னு எழுத மாட்டாவ, சோம்பலா இருக்குன்னு எழுதுவாவ. அந்த மனுசன் மேல ஒரு பொய்யப் போத்தி அனுப்பச் சொல்லுதியளா? எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா கர்த்தர் முன்னால வாசிக்கது உண்மையா இருக்கணும்."

பக்கத்து அறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஒரு வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அடித்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? இத்தனை வீடுகளில் இத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறேனே, அதில் யாரையாவது எழுதியிருக்கிறேனா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பேரையும் ஊரையும் மாற்றினால் எல்லாம் ஒரே மனிதர். இவர் ஒருத்தர்தான் அந்த அச்சுக்குள் அடங்கமாட்டேன் என்கிறார். வசனம் தெரியாதவரா? எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கே அது தனக்கில்லை என்று தோன்றியிருக்கிறது. அதை மறைத்துத்தான் கர்த்தருக்கு மகிமை சேர்க்க வேண்டுமென்றால், நான் முகாமில் ஒப்புக்கொடுத்தது எதை?

எழுதிக்கொண்டுபோய் அத்தையின் காதருகே வாசித்தேன். "கடைசி மாதங்களில் மிகவும் சோர்ந்துபோயிருந்தார்" என்ற வரியில் நிறுத்தினார்.

"சோர்வில்ல. கோவம். கோவம்னு போடுங்க."

பக்கத்து அறைக்கு வந்து மாற்றினேன். அதற்குள் மூத்த மகன் வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னலே இது? எழுதக் கூப்பிட்டா விசாரணை நடத்துதியா?"

"அத்தைதான் அண்ணே..."

"அம்மாவுக்கு இப்ப என்ன புத்தி இருக்கும்? எங்கப்பா மோட்சத்துக்குப் போகலன்னு ஊர்கூட்டிச் சொல்லப் போறியா? நாளைக்கு எம் மகளுக்கு மாப்பிள பாக்க வேண்டாமா?" குரல் உடைந்தது. அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அப்பா எங்கே போனார் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

சத்தம் கேட்டு எங்கள் ஐயர் உள்ளே வந்தார். எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம். தாளை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். வெளியே அத்தையைப் பார்த்தார்.

"அம்மாவுக்குச் சம்மதம்னா நான் தடுக்கல. ஆனா நான் வாசிக்க மாட்டேன். எழுதினவனே வாசிக்கட்டும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது அனுமதியா, கைகழுவலா என்று எனக்கு விளங்கவில்லை.

கோயிலில் வாசித்தேன். பிறப்பு, படிப்பு, பெப்பர்மின்ட், லீவு லெட்டர். அந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள்கூட. பிறகு விசிறிகள் நின்றன. "கடைசி மாதங்களில் மிகவும் வேதனைப்பட்டார். கர்த்தர்மேல் கோபமாக இருந்தார். வேதம் வாசிக்கக் கேட்டபோது, 'இது எனக்குச் சொன்னதில்லை' என்று மூடச் சொன்னார். அந்தக் கோபம் தீராமலே இறந்தார். அவர் மனைவி கூடவே இருந்தார்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். தலை நிமிர்ந்தபோது முன்வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆர்கன் வாசிப்பவர் ஐயரின் சைகைக்குக் காத்திராமல் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். கல்லறையில் மூத்த மகன் மண் போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்கவில்லை. சபையில் சாவு நிற்கவில்லை, எழுதுவதற்கு வேறு ஆள் பிடித்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த அப்பாவிடம் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டாராம்: "என்ன வே, ஒம்ம மகன் நரகத்துக்கு டிக்கெட் எழுதிக் குடுக்கானாமே?" அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஒனக்கு உண்மையச் சொல்ல வேற எடமே கெடைக்கலையாலே? சாவு வீடுதான் கெடச்சுதா?"

அவர் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசித்தபோது இருந்த தைரியம் வடிந்துவிட்டது. நான் எழுதியது கர்த்தருக்காகவா, இல்லை அச்சேறாத எழுத்தாளனின் வீம்பா? அத்தை கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் தச்சநல்லூருக்குப் போனேன்.

வீட்டில் தனியாக இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். மகன் எங்கே என்றேன்.

"மெட்ராஸ் போயிட்டான். எங்கூடப் பேசல. போய்ச் சேந்தேன்னு ஒரு கார்டுகூடப் போடல."

"நான் எழுதாம இருந்திருக்கலாம் அத்தை."

"நீங்க எழுதலன்னா நான் கோயில்ல எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன். அது இன்னும் நாறியிருக்கும்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். "அவியளப் பத்தி ஊர்ல என்ன பேசுதாவன்னு எனக்குத் தெரியும். நீங்க படிச்சவிய, ஜெபிக்கிறவிய. நீங்க என்ன நெனைக்கீய? அவிய எங்க இருப்பாவ?"

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் சார்வாள் கற்றுக்கொடுத்தவை. அவரே அவற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தெரியல அத்தை."

தலையை ஆட்டினார். "எனக்கும்தான் தெரியல. தூக்கமே வரல" என்றார். டீ ஆறிப்போனது, குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தவுடன் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பத்திரிகைக்கு, எத்தனை பக்கம் என்ற யோசனை எதுவும் அன்று வரவில்லை. ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், மனைவி வாசிக்கிறாள், அவர் மூடச் சொல்கிறார். அங்கிருந்து அவரைக் கடவுளிடம் பேசவிட்டேன். மூடிய பிறகு அவர் மனதில் ஓடியிருக்கக்கூடியதையெல்லாம். எந்தக் கோயிலிலும் யாரும் வாயைத் திறந்து சொல்லக் கேட்டிராத வார்த்தைகள் வந்தன. சில இடங்களில் பேசுவது சார்வாளா நானா என்பது எனக்கே குழம்பியது. இது பாவம் என்று தோன்றியது. நான் இதுவரை செய்த ஜெபங்களிலேயே பொய் கலக்காதது இதுதான் என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

உள்ளே குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தாயிற்று. "ஏய், வாலே, அப்பா காத்துக்கிட்டு இருக்காவ" என்று அம்மா கூப்பிட்டாள்.

"நீங்க ஆரம்பிங்கம்மா" என்றேன்.

இப்போது எழுந்து போனால் திரும்பி வந்து எழுத எனக்குத் தைரியம் இருக்காது. அப்பா பாட்டு எண்ணைச் சொல்வது கேட்டது. நான் அடுத்த வரியை எழுதினேன்.