தாளின் தலைப்பில் யே. ம. சூ.

என் மனுசன் வலன்ரைன் கடலுக்குப் போகிற ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பழக்கிய ஒன்றை மட்டும் விடவில்லை. எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைப்பில் யே. ம. சூ. என்று எழுதுவார். யேசு, மரி, சூசை. வள்ளத்து விண்ணப்பத்திலும் எழுதுவார், கடைக்குக் கொண்டுபோகிற துண்டுத் தாளிலும் எழுதுவார். "சீனி வாங்கவும் சூசையப்பர் வரவேணுமோ?" என்று பகிடி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே எழுதுவார்.

எங்கள் மகள் மதுஷிகாவுக்கு முதல் பிள்ளைக்கு நோவு கண்டது கார்த்திகை மழையில். தாழ்வுபாட்டு றோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் மதகு இல்லை. இடுப்பளவு தண்ணீர். அம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிளாஸ்ரிக் கதிரையில் அவளை இருத்தி, முன்பக்கம் அவரும் பின்பக்கம் மருமகனும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முதலே தாயும் பிள்ளையும் முடிந்துபோனார்கள்.

அந்த மதகுக்காகத்தான் நான் பிரதேச சபைத் தேர்தலில் நின்றேன். வேறு ஒரு கோதாரிக்கும் இல்லை. முந்தி உறுப்பினராக இருந்தவர் "பாப்பம் அக்கா" என்பதைத் தவிர ஒன்றும் கிழிக்கவில்லை. இந்த முறையும் அவர்தான் எனக்கு எதிராளி. வலன்ரைன் ஒரு மாதம் தொழிலுக்குப் போகாமல் என்னோடு வீடு வீடாக நடந்தார்.

வாக்கு எண்ணும்போது வேட்பாளர் என்று நானும் பக்கத்தில் நின்றேன். அதிகாரி ஒரு தாளைத் தனியே எடுத்தார். என் சின்னத்துக்கு நேரே கீறின புள்ளடி. மேலே யே. ம. சூ. அந்த வால் நீண்ட சூவை நான் முப்பது வருசமாகப் பார்க்கிறேன்.

"எழுத்து இருக்கு. செல்லாது."

"ஐயா, அது செபம்."

"ஓம் அம்மா, நானும் வேதக்காரன்தான். புள்ளடியைத் தவிர என்ன எழுதினாலும் செல்லாது."

ஒரு வாக்கால் தோற்றேன். அந்தத் தாள் செல்லுபடியாகியிருந்தால் இரண்டு பேரும் சமன். திருவுளச் சீட்டாவது எடுத்திருப்பார்கள்.

வீட்டுப் படலையில் அவர் காத்து நின்றார். "கவலைப்படாதையப்பா. நான் மேல எழுதி, யேசுவை நல்லா மண்டாடித்தான் போட்டனான்."

நான் அடக்கியிருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது? "அந்த எழுத்தாலதான் தோத்தனான். உங்கட வாக்குத்தான் செல்லாமல் போனது. பிள்ளைக்கு எண்டு நிண்டனான், நீங்கள்தான் கெடுத்தனீங்கள்" என்றேன். சொன்ன கையோடு நாக்கைப் பிடுங்கலாம் போலிருந்தது. அவர் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

இந்தக் கார்த்திகையில் மதுஷிகாவின் ஆண்டுத் திருப்பலி. கோயிலில் கொடுக்க அவளுடைய பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார். தலைப்பு வெறுமையாகக் கிடந்தது.

"மேல எழுதேல்லையோ?" என்று கேட்டேன்.

"வேண்டாமப்பா. இதுவும் செல்லாமல் போயிடும்."

மதகில்லாத ஒழுங்கை முடக்கில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. துண்டை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.