சித்தப்பா அடைத்த இடைவெளி

"என்னம்மா இது, புது வீட்டுச் சுவர்ல இத்தனை விரிசல்?"

"விரிசல் இல்ல சித்தப்பா, இடைவெளி. நாங்களேதான் விட்டோம்."

"வேணும்னே யாராவது விரிசல் விடுவாங்களா?"

"திருகாணியைக் கழற்றினா சுவரை அப்படியே தள்ளிக்கலாம். குடும்பம் பெருத்தா ஒரு மாதிரி, சிறுத்தா ஒரு மாதிரி. இடிக்கவும் வேண்டாம், லாரி லாரியா இடிபாடு கொட்டவும் வேண்டாம்."

சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்த மனுஷனை நகர்த்த முடியல. சுவராவது நகரட்டும்."

மூவரும் சிரித்தார்கள். குடிவந்த அன்று நடந்த பேச்சு அது. அந்தக் குடியிருப்புக்கு வரைபடம் வரைந்தவள் அவருடைய அண்ணன் மகள். சித்தப்பாவை அங்கே குடிவைத்தவளும் அவளே.

சித்தப்பா ஆயுசு முழுக்கப் பூச்சு வேலை பார்த்தவர். விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் சுவரைத்தான் தடவிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் உதட்டைப் பிதுக்குவார், சாப்பாடு இரண்டாம்பட்சம். விரிசலைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். வேலையிலிருந்து நின்றபின் ஒரு மழைக்காலத்தில், அந்த இடைவெளிகளை எல்லாம் சிமெண்ட் கலவையால் அடைத்து, மேலே வண்ணமும் அடித்துவிட்டார். வந்து போய்க்கொண்டிருந்த அவள்கூடக் கவனிக்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

பிறகு சித்தி விழுந்தாள். ஒரு பக்கக் கையும் காலும் விளங்கவில்லை. நோயாளிக் கட்டில் வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் இரண்டு அறைகளும் ஒன்றாக வேண்டும். இல்லையேல் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லம்தான்.

"அங்க மட்டும் என்னை விட்டுடாதீங்க" என்று மருத்துவமனைப் படுக்கையில் சித்தி குழறினாள்.

"சுவரைத் தள்ளிட்டா முடிஞ்சது" என்றாள் அவள். சித்தப்பா சித்தியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

மறுநாள் திருகாணிகள் எல்லாம் கழன்றன. சுவர் இம்மியும் அசையவில்லை. இரண்டு ஆட்கள் தோள் கொடுத்தும் பயனில்லை.

"நான்தான் அடைச்சேன்" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி. அவள் பதில் சொல்வதற்குள் ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார்.

"மெதுவா சித்தப்பா! மேல்வீட்டுக்குப் போற ஒயரெல்லாம் உள்ள இருக்கு."

"கலவை போட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவர் போட்ட கலவை சாமானியத்தில் விடாது. கலவை நின்றது, சுவர்ப் பலகைதான் உடைந்தது. ஒயர் அறுந்து மேல்மாடிகளில் மின்சாரம் போயிற்று. சுவர் நகர்வதற்காகக் கூரையோடு இருந்த இரும்புத் தண்டவாளம் வளைந்து தொங்கியது. ஓடிவந்த குடியிருப்பு நிர்வாகி, ஆபத்து என்று சொல்லி வீட்டையே பூட்டவைத்தார்.

"தள்ளுற சுவராம் தள்ளுற சுவர்! அடுத்த கட்டடத்துக்குச் செங்கல்லே போதும்னு மேலிடத்துல சொல்லிடுறேன்" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். குப்பையே ஆகக்கூடாதென்று அவள் வரைந்த சுவர், சாக்கு மூட்டைகளாக மாடிப்படி இறங்கியது. பின்னாலேயே துணிப்பையோடு சித்தப்பா இறங்கினார்.

பராமரிப்பு இல்லத்து வண்டி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. சித்தியை அழைத்துவர உள்ளே போகத் திரும்பியவளின் கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏன் வீட்டுக்குப் போகலன்னு கேப்பாம்மா. நீ வரைஞ்சதுலதான் தப்புன்னு சொல்லிடு. உன்னைன்னா அவ மன்னிச்சிடுவா."