பம்புத் தண்டுக்கு மரம் தேடிய அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றித் தங்கையாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நிறைவாழ்வு வாழ்ந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவருக்குச் சாகிற வயதில்லை. உற்றார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மலையடிவாரத்துக் காரவள்ளியில். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை பழகினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து வாத்தியாரம்மா ஆனேன். பிறகு கொல்லிமலையில், பைல் நாட்டுக் காப்பித் தோட்டமொன்றில் வேலை கிடைத்து, அண்ணியுடன் மேலேயே தங்கிவிட்டார். கோபமே வராத மனிதர். அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

அந்தத் தோட்டத்துக்கும் பக்கத்து மலைக் குடிகளுக்கும் குடிதண்ணீர் பள்ளத்து ஓடையிலிருந்து ஒரு பம்பில் ஏறி வந்தது. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் ஓர் இரும்புத் தண்டை மேலும் கீழும் ஓட்டும். தண்டு உரசி ஓடுகிற இடத்தில் அதைத் தாங்கும் வளையமாக ஒரு வெண்கல புஷ் இருந்தது. யுத்தம் வந்ததும் எண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த எண்ணெயையும் ஓடைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போயிற்று. போதாததற்கு, மலைக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தண்டுக்குப் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிவிடுவார்கள். சாம்பலோடு இருந்த பொடிமணல் வெண்கலத்துக்குள் போய்த் தண்டை அராவித் தின்றது.

"துன்னூறு பூசாம எப்படீங்க ஓட்டறது? சாமி குத்தம் ஆயிருமுங்க" என்றார் பம்பு பார்த்துக்கொண்டிருந்த மலைக்காரர்.

"சக்கரத்துக்குப் பூசுங்க, தண்டுக்கு வேண்டாமுங்க" என்று அண்ணன் கெஞ்சினார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் பூசியிருந்தார்கள். அப்போது அங்கே போயிருந்த நான் சண்டைக்குக் கிளம்பினேன். அண்ணன் சிரித்தார்.

"அவங்க பூசத்தான் செய்வாங்க அம்மிணி. அதையும் தாங்கற மாதிரி நாமதான் புஷ் போடோணும்."

சென்ற மழைக்காலத்தில் பம்பு நின்றேவிட்டது. பெண்கள் பள்ளத்தில் இறங்கிக் குடம் சுமந்தார்கள். ஒருத்தி வழுக்குப் பாறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். விடுமுறைக்கு நான் மேலே போனபோது அண்ணனுக்கு மலைக்காய்ச்சல்.

"ஏனுங்கண்ணா, கீழ ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க" என்றேன்.

"இந்தப் புஷ்ஷை மாட்டிட்டு வாரேன் கண்ணு. நடுவுல உட்டுட்டு வந்தா இன்னொருத்தி உழுவாள்."

எண்ணெய் இல்லாமல் ஓட மரம்தான் சரி என்று முடிவு செய்திருந்தார். முதலில் பலாவைக் கடைந்தார். அது தண்ணீரில் ஊறிப் பருத்துத் தண்டைக் கவ்விக்கொண்டது. பிறகு வைரம் பாய்ந்த புளியங்கட்டை கேட்டு வாங்கி, இலுப்பெண்ணெயில் காய்ச்சி, தண்ணீரில் ஊறப் போட்டு, அது பருக்கிற வரை பருத்த பின்புதான் துளையை அளவாகக் கடைந்தார். அது ஊறும்வரை காத்திருந்த நாட்களில்தான் காய்ச்சல் முற்றியது. காய்ச்சலோடேயே உள்ளே நீளவாட்டில் சிறு பள்ளங்களாகக் காடிகள் வெட்டினார், திருநீறும் மணலும் தண்ணீரோடு வெளியே போய்விட. பம்பு ஓடியது. தண்டில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே அவர் நினைவு தப்பியது.

அவரைத் தூளி கட்டி மழையில் சுமந்து இறங்கிய மலைக்காரர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பாதி வழியில் மூச்சு நின்றதும், ஒருவரும் தோள் மாற்றச் சொல்லாமல் மறுபடி மேலே சுமந்து வந்தார்கள். அண்ணிக்குச் சோறூட்டிய பெண்களுக்கும், கீழிருந்து நடந்தே வந்த உறவினர்களுக்கும் நன்றி. அந்தப் பம்பை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சாவு வீட்டுக்கு மரியாதையாகப் பம்பை நிறுத்தியிருந்தார்கள். குளிப்பாட்டும் தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தோடு கிளம்பியபோது அண்ணி மறித்தார்கள்.

"யாரும் பள்ளத்துல இறங்க வேண்டாமுங்க. பம்பை ஓட்டுங்க. அதுல வர்ற தண்ணியே அவருக்கு ஊத்துங்க."

ஓட்டினார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. முதல் சொம்பை என்னிடம் கொடுத்தார்கள். பனிக்கட்டிபோல் இருந்தது. காய்ச்சல்காரருக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாதே என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.