ஒலிபெருக்கி ஓய்ந்த தெரு

ஊரில் அவரை மைக்செட்காரர் என்றால்தான் தெரியும். தள்ளுபடி விற்பனையா, காணாமல் போன ஆளா, தண்ணீர் வராத நாளா, எதுவானாலும் வேன் கூரையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டியும் அவரே ஓட்டுவார், மைக்கும் அவரே பிடிப்பார். பேச்சில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வாரம் பெரிய ஆஸ்பத்திரி வேலை. "மனநோய் வெட்கப்படுற விஷயம் இல்லீங்க. மூடி மறைக்காதீங்க. தைரியமா கூட்டிட்டு வாங்க!" என்று தெருத் தெருவாக முழங்கினார். தன் வீட்டுத் தெருமுனை வந்ததும் கை தானாகப் போய் மைக்கை அணைத்துவிடும். அடுத்த முனை திரும்பியதும் குரல் மறுபடி கிளம்பும்.

காரணம் வீட்டுக்குள் இருந்தது. மனைவிக்கு இரண்டு வருஷமாக மனச்சோர்வு. அக்கம்பக்கத்தில் கேட்டால் தைராய்டு என்பார். மாத்திரைக்குத் தன்னை யாருக்கும் தெரியாத வேறு பேட்டை மருந்துக்கடைக்குப் போவார். விஷயம் வெளியே தெரிந்தால் மாடியில் இருக்கும் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார், தங்கையின் புகுந்த வீட்டில் பேச்சு வரும்.

அன்று காலை அவள் கேட்டாள். "நம்ம தெருவுல மட்டும் ஏங்க நிறுத்திடுறீங்க?"

"பேட்டரி தகராறு" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. அவள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மதியம் சாப்பிட வந்தபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார். சத்தமில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. காலையில் அவள் பார்த்த பார்வை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் மெதுவாகத்தான் தட்டினார், யார் காதிலும் விழாமல். என்ன மனிதரோ! உள்ளே ஓர் உயிர் என்ன ஆனதோ தெரியவில்லை, இவர் அக்கம்பக்கத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?"

'ஆமாம்மா' என்ற பதில் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த நினைப்பே அவரை உலுக்கிவிட்டது.

"இல்லம்மா! அவளுக்கு மனசு சரியில்ல. ரெண்டு வருஷமா வைத்தியம் பாக்குறோம். உள்ள என்ன பண்ணிக்கிட்டாளோ, பயமா இருக்கு. யாராவது வாங்களேன்!"

மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓனர் சட்டைகூடப் போடாமல் கடப்பாரையோடு மாடியிலிருந்து ஓடிவந்தார். நாலு பேர் சேர்ந்து நெம்பியதில் தாழ்ப்பாள் தெறித்தது.

சமையலறை மூலையில் சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மாத்திரை அட்டைகள், ஒன்றும் பிரிக்காமல். உயிர் இருந்தது. தையல்காரம்மா ஓடிப்போய் அட்டைகளை எடுத்துக்கொண்டாள். மைக்செட்காரர் தரையில் விழுந்து, மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அவருக்குப் பின்னால் தெருவே நின்றிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ஜில்லிட்ட கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா அழுங்க. வெளிய யாருக்காவது கேட்டுடப் போகுது."